மழை மோடு

லேப்டாப் வயரை சீட்டுக்கு அடியில் செருகியதும்
வண்டி பாவசங்கீர்த்தனம் தொடங்குகிறது.

ஓடியது, நாலாயிரத்து இருநூற்றுப் பதினொரு கிலோமீட்டர்.
தொட்ட உச்சம், நூற்று அறுபத்து மூன்று.
எங்கே தொட்டான்?
மார்த்தாண்டத்தைச் சுற்றி
அத்தனை நீளத்துக்கு நேராகக் கிடக்கும் சாலை
எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்போர்ட் மோடு, மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
ரோடு மோடு, முந்நூற்றுப் பதினொன்று.
மழை மோடு
பூஜ்யம்.

இடவப்பாதியும் பெய்யும் துலாமும் பெய்யும் ஊர் இது.
இரண்டுக்கும் நடுவில், நல்ல வெயில் நாளிலும்,
நாலு மணிக்கு மலையிலிருந்து ஒரு கருமை இறங்கும்.
எங்கோ தூரதேசத்தில் ஒருவன்
நனைந்த சாலையை நினைத்துக் கவலைப்பட்டு
இதை எழுதிவைத்திருக்கிறான்:
திருகினாலும் வண்டி கொஞ்சம் யோசிக்கும்,
வழுக்கினால் சக்கரத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்.
இங்கே அந்தத் திரைவரைக்கும்
ஒரு விரலும் போனதில்லை.

டெலிவரி அன்று சொல்லிக்கொடுத்தது நான்தான்.
முகூர்த்த நாள். ஏழு வண்டி. ஏழு மாலை.
இது ஸ்போர்ட், இது ரோடு, இது
என்று நான் இழுக்கும்போது
ஜெனிஷ் போட்டோவுக்கு முடியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.
நானும் விட்டுவிட்டேன். எட்டாவது ஆள் சாவிக்கு நின்றார்.
அந்தப் போட்டோ ஷோரூம் சுவரில் இன்னும் இருக்கிறது:
இலவசத் தலைக்கவசம்
பலசரக்குப் பைபோல
அவன் முழங்கையில்.

அருமனைக்கு அப்பால் ஏதோ எஸ்டேட்டில் பால்வெட்டு.
விடியுமுன் நெற்றியில் விளக்கு கட்டி
முந்நூற்றைம்பது மரம்.
பட்டையில் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை,
அதற்குமேல் கத்தி இறங்கினால்
மரத்துக்குக் காயம்.
இருட்டிலும் அந்தக் கணக்கு தப்பாத மணிக்கட்டு.
அதே மணிக்கட்டுதான்
நாற்பத்தாறு குதிரையையும் திருகியது.

வளைவு. விழுந்து ஊறிய ரப்பர் இலை.
நடுக்கோட்டை விழுங்கிக்கொண்டு ஒரு டிப்பர்.
மீதியை வண்டி சொல்லவில்லை.
பிரேக் பிடித்த நேரத்தில் வேகம் எழுபத்தெட்டு
என்பதோடு நிறுத்திக்கொண்டது.

எஸ்டிமேட் போடுகிறேன்.
முன் ஃபோர்க், ஒரு ஜோடி.
ரேடியேட்டர்.
இடது ஹேண்டில், லிவர், இண்டிகேட்டர்.
தோள்பட்டை எலும்பும் அதில் ஏறிய பிளேட்டும்
ஆசாரிப்பள்ளத்துக் கணக்கு,
என் பட்டியலில் வராது.

கையைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு
நேற்று அவனே வந்துவிட்டான்.
"அக்கா, எனக்க வண்டி எப்பம் கிட்டும்?"

வண்டியோடு வந்த தலைக்கவசத்தை எடுத்து
மேஜையில் வைத்தேன்.
தாடைப்பக்கம் உரசி உரசி
உள்ளே வெள்ளைத் தெர்மோகோல் தெரிகிறது.
ஒரு தாடை போயிருக்க வேண்டிய ஆழம்.

அன்றைக்கு மட்டும் எப்படித் தலையில் வைத்தாய்?

சிரித்தான்.
"மழையில்லா பெய்துது. கண்ணு தெரியாண்டாமா?"

நான் கொஞ்சநேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பட்டியலின் அடியில் அடித்தேன்:
தலைக்கவசம், ஒன்று.
அடிபட்டதைத் திரும்பப் போடக்கூடாது, ஜெனிஷ்.
இன்சூரன்ஸில் வராது, நீதான் கட்டணும்.

தவணை, ஷீட் விலை, வேலைக்குப் போகாத நாள்கள்
எல்லாம் அவன் முகத்தில் ஒரு சுற்று வந்தன.
"அது இப்பம் வேண்டாம் அக்கா.
வெயிலுதானே."

அந்த வரியை அழிக்காமல்
பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.
கண்ணாடிக்கு வெளியே மணி மூன்றரை.
மலைப்பக்கம்
இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது.